உள்ளூர் ஓட்டங்களை எவ்வளவு நம்பலாம்?

2019 பெப்ரவரியில் கொழும்பில் எஸ்எஸ்சி கழகத்துக்கு எதிராக ஆடிய என்சிசி கழகத்தின் அஞ்சலோ பெரேரா, ஒரே ஆட்டத்தில் இரண்டு இரட்டைச் சதங்கள் அடித்தார். முதல் இன்னிங்ஸில் 201, இரண்டாவதில் 231. முதல்தரக் கிரிக்கெட், அதாவது டெஸ்டும் பெரிய உள்ளூர்ப் பல நாள் ஆட்டங்களும், தொடங்கிய நாளிலிருந்து அதற்கு முன் அதைச் செய்தவர் ஒரே ஒருவர்தான், 1938இல் இங்கிலாந்தின் உள்ளூர் அணியான கென்டுக்கு ஆடிய ஆர்தர் ஃபாக். எண்பது வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியம். ஆனால் அஞ்சலோ பெரேரா இலங்கைக்காகச் சில ஒருநாள், ரி20 ஆட்டங்களோடு சரி. ஒரு டெஸ்ட் தொப்பி கிடைக்கவில்லை. ஃபாக் மட்டும் என்ன, இங்கிலாந்துக்கு அவர் ஆடியதும் 5 டெஸ்ட்தான்.

மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் ஒரு தேநீர்க் கடையில் இந்தக் கதையை எடுத்தால் போதும், கடை பூட்டும்வரை பேச ஆள் இருக்கும். "உள்ளூரில அடிச்சவன எடுக்காட்டி பிறகென்னத்துக்கு உள்ளூர்ப் போட்டி?" என்று ஒருவர் கேட்பார். "உள்ளூர் அடி வேற, அங்க அடிக்கிற அடி வேற மச்சான்" என்று மற்றவர். இலங்கை அணி அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இதே இரண்டு வசனங்கள்தான். இரண்டுமே பாதி சரி என்பதால்தான் விவாதம் முடிவதில்லை.

"வேற" என்று சொல்லும் கட்சிக்கு அகப்பட்ட பெரிய சாட்சி கிரேம் ஹிக். சிம்பாப்வேயில் பிறந்து, இங்கிலாந்துக்கு ஆடத் தகுதி பெற ஏழு வருடம் காத்திருந்தவர். அந்தக் காத்திருப்புக் காலத்திலேயே, 1988இல், சமர்செட் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 405 அடித்தார். பிராட்மனுக்குப் பிறகு இவர்தான் என்று எழுதினார்கள். 1991 ஜூனில் ஹெடிங்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அறிமுகம். இரண்டு இன்னிங்ஸிலும் 6, 6. முதல்தரக் கிரிக்கெட்டில் மொத்தம் 136 சதம் அடித்த மனிதரின் டெஸ்ட் சராசரி 65 ஆட்டங்களின் முடிவில் 31.32.

அதே ஹெடிங்லி ஆட்டத்தில் இன்னொருவரும் அறிமுகமானார், மார்க் ராம்பிரகாஷ். அவர் அடித்தது 27, 27. முதல்தரத்தில் 114 சதம், சராசரி 53. டெஸ்டில் 52 ஆட்டம், 2 சதம், சராசரி 27.32. முதல் ஆட்டத்தில் விழுந்த அந்த 27 கடைசிவரை அவரை விடவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்தக் காலத்தில் உலகின் மிகப் பலமான அணியான அவுஸ்திரேலியாவுக்கு எதிராக மட்டும் அவருடைய சராசரி 40ஐத் தாண்டும். திறமை போதாது என்பதுதான் காரணம் என்றால், கணக்கு நேர் எதிராக அல்லவா வந்திருக்க வேண்டும்?

"எடு" என்று சொல்லும் கட்சியிடம் வேறு பெயர்கள் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் மைக்கல் ஹஸி 2005இல் முதல் டெஸ்ட் ஆட வந்தபோது அவருக்கு 30 வயது. முதல்தரத்தில் 15,000 ஓட்டங்களுக்கு மேல் அடித்து முடித்திருந்தார். டெஸ்ட் சராசரி 51.52. அதே நாட்டின் அடம் வோஜஸ், 2014-15இல் அவர்களுடைய உள்ளூர்ப் போட்டியான ஷெஃபீல்ட் ஷீல்டில் 1,358 ஓட்டங்கள் எடுத்து, 35 வயதில் அணிக்குள் வந்து, முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 130 அடித்தார். 20 டெஸ்டில் சராசரி 61.87. நம் பக்கத்தில் பெத்தும் நிஸ்ஸங்க. கழக ஆட்டங்களில் சராசரி 60ஐத் தாண்டியிருந்த நேரத்தில் எடுத்தார்கள். 2021இல் அன்டிகுவாவில் முதல் டெஸ்டிலேயே 103.

இப்படிப் பெயருக்குப் பெயர் வைத்துக்கொண்டே போனால் விடிந்துவிடும். நான் வேறொரு இடத்தைப் பார்க்கச் சொல்வேன்.

முதலில், உள்ளூர்ச் சராசரிக்கும் டெஸ்ட் சராசரிக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வைப்பதே நாம் பார்க்கும் பட்டியல்தான். தேர்வாளர்கள் உள்ளூரில் நன்றாக அடித்தவர்களை மட்டுமே மேலே அனுப்புகிறார்கள். ஆகவே நாம் ஒப்பிடுவது 55 சராசரிக்காரரையும் 45 சராசரிக்காரரையும். 22 சராசரிக்காரர் அந்தப் பட்டியலில் ஏறவே இல்லை; ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். உயர்தரப் பரீட்சையில் பிய்த்து உதறி மருத்துவ பீடத்துக்குள் போன பிள்ளைகளுக்குள், பரீட்சைப் புள்ளியை வைத்து யார் நல்ல டொக்டராக வருவார் என்று சொல்ல முடியாது. அதற்காகப் பரீட்சை வீண் என்று யாரும் சொல்வதில்லை. வாசலில் யாரை விடலாம் என்று உள்ளூர் எண்கள் சொல்கின்றன. உள்ளே போனவர்களில் யார் நிலைப்பார் என்று கேட்டால் தடுமாறுகின்றன.

இரண்டாவது, அந்த எண் எந்த நாட்டு எண் என்பது. அவுஸ்திரேலியாவில் ஷெஃபீல்ட் ஷீல்டுக்கு 6 அணிகள். அவ்வளவுதான். இங்கிலாந்தில் 18 கவுண்டி அணிகள். இந்தியாவின் ரஞ்சியில் இப்போது 38 அணிகள். இலங்கை? அவுஸ்திரேலியாவைவிடச் சனத்தொகை குறைந்த இந்தத் தீவில் முதல்தரத் தகுதியோடு இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் ஆடிய பருவங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதைச் சுற்றியும். ஆறு அணிக்கு ஆட வேண்டிய தரத்தை இருபது அணிக்குப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு அணியிலும் நாலைந்து பேர் நிரப்புவதற்காகவே நிற்பார்கள். அவர்களின் பந்தில் அடித்த ஓட்டமும், அவர்களுக்கு எதிராக எடுத்த விக்கெட்டும் அதே சராசரிக்குள்தான் போய்ச் சேர்கின்றன. ஷீல்டில் 50 சராசரி என்றால் நான் எழுந்து உட்காருவேன். நம் கழகப் போட்டியில் 50 என்றால், எந்த அணிகளுக்கு எதிராக என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவேன்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. எனக்கு முக்கியமானது அதுதான். அதைச் சொல்ல எங்கள் மைதானத்துக்கு வர வேண்டும்.

மட்டக்களப்பில் கடினப்பந்து ஆட்டங்களுக்குச் சில காலம் ஸ்கோர் கொப்பி எழுதியிருக்கிறேன். மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால் ஊரே வரும். ஒலிபெருக்கி, பரிசுக் கிண்ணம், புத்தாண்டு, பெருநாள் என்று ஒரே கலகலப்பு. கடினப்பந்துக்கு இரண்டு அணியும், நடுவரும், மர நிழலில் ஒரு மேசையோடு நானும்தான். ஆடுகளம் சீமெந்துத் தளம். அதன்மேல் கயிற்றுப் பாயை விரித்து, நாலு பேர் இழுத்துப் பிடித்து ஓரங்களை இறுக்குவார்கள். பாயில் பந்து குத்தினால் இடுப்பு உயரத்துக்கு ஒழுங்காக எழும்பும், எப்போதும் அதே உயரத்துக்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு முனையிலிருந்து தூக்கி அடித்தால் பந்து தானாகவே எல்லைக்கு அப்பால் போய் விழும்.

அங்கே ஒரு தம்பி ஆடினான். பின்காலில் போய் வெட்டி அடிப்பதில் அவனுக்கு நிகர் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. ஒரு நாள் அவன் அடித்த ஓட்டங்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். இரவு கடலுக்குப் போய்விட்டு, வலையை இறக்கி வைத்த கையோடு மைதானத்துக்கு வந்திருந்த ஒரு அண்ணன் ஸ்லிப்பில் நின்றார். அரைத் தூக்கம். அந்தத் தம்பியின் பிடியை இரண்டு தரம் விட்டார். "என்னண்ணே, நித்திரையா?" என்று பந்து வீசியவன் கத்தினான். கொப்பியில் நான் அந்த இரண்டு பந்துக்கும் புள்ளி வைத்தேன். ஓட்டம் இல்லை, விக்கெட் இல்லை, ஒரு புள்ளி. விட்ட பிடிக்கு ஸ்கோர் கொப்பியில் கட்டம் கிடையாது. மாலையில் கொப்பியைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது அருமையான ஒரு இன்னிங்ஸ்.

பிறகு அந்தத் தம்பி கொழும்பில் ஒரு தேர்வுக்குப் போனான். இரவு ரயிலில் இருந்தபடியே போய், காலையில் முகம் கழுவிக்கொண்டு வலைப்பயிற்சிக்கு இறங்கினான். அங்கே புல் ஆடுகளம். பந்து இடுப்புக்கு வரவில்லை, முழங்காலுக்குக் கீழே சறுக்கிக்கொண்டு வந்தது. பின்காலில் போனவன் போனபடியே நின்றான், ஸ்டம்ப் போனது. அதற்கு அடுத்தது காலில் பட்டது. அங்கே நின்ற பயிற்றுநர் இதைக் கண்டு பிடிக்க ஆறு பந்து எடுத்திருப்பார். அதற்குப் பிறகு வந்த பந்தெல்லாம் அதே நீளத்தில், அதே இடத்தில்.

எங்கள் மாவட்டத்தில் அவனுக்கு எதிராகப் பலர் பலமுறை பந்து வீசியிருக்கிறார்கள். ஒருவர்கூட அவனைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் அந்தப் பாயில் அதைப் பயன்படுத்த வழியில்லை.

இதைத்தான் சொல்ல வருகிறேன். உள்ளூர் எண்கள், ஒரு ஆட்டக்காரர் தன்னைப் படிக்காதவர்களுக்கு எதிராகச் செய்ததைச் சொல்கின்றன. சர்வதேசக் கிரிக்கெட்டில் எல்லாரும் படிக்கிறார்கள். கணினியோடு ஒருவர் அந்த வேலைக்கென்றே இருக்கிறார். அங்கே முதல் தொடரைவிட இரண்டாவது தொடர்தான் பரீட்சை.

அஜந்த மெண்டிஸை நினைத்துப் பாருங்கள். இராணுவ அணியிலிருந்து வந்தவர். உள்ளூரில் விக்கெட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார். 2008 ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் கராச்சியில் இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். அடுத்த வாரங்களில் அதே இந்தியாவுக்கு எதிரான 3 டெஸ்ட் தொடரில் 26 விக்கெட். டெண்டுல்கர், டிராவிட், லக்ஷ்மன், கங்குலி எல்லாரும் இருந்த அணி. நடுவிரலால் சுண்டி விடுகிற அந்தப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் பேட்டை நீட்டினார்கள். எங்கள் ஒழுங்கையில் பொடியன்கள் எல்லாரும் டெனிஸ் பந்தைச் சுண்டத் தொடங்கியது அந்த வருடம்தான். பிறகு உலகம் அவருடைய கையை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தது. மிச்சம் ஆடிய 16 டெஸ்டில் 44 விக்கெட். உள்ளூர் எண்கள் அவரைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை. முதல் தொடர் அதை அப்படியே நிரூபித்தது. இரண்டாவது தடவை என்ன நடக்கும் என்று அந்த எண்களிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

ஹிக்குக்கும் நடந்தது அதுதான். கவுண்டி ஆட்டங்களில் வாரம் முழுக்க அவரது மார்புக்கு நேரே எழும்பும் பந்தை வீசிக்கொண்டிருக்க ஆள் இல்லை. டெஸ்டில் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் அம்ப்ரோஸும் அவருடைய கூட்டமும் இருந்தார்கள்.

இதே கண்ணோடு நம் இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர்கள் மூவரை அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். மூவரும் ஒரே வகை: இடதுகை, விரலால் சுழற்றுபவர்கள். மூவரும் ஒரே கழகப் போட்டிகளில், பந்து திரும்புகிற அதே ஆடுகளங்களில் வளர்ந்தவர்கள்.

மாலிந்த புஷ்பகுமார டெஸ்டுக்கு வரும்போதே முதல்தரத்தில் 500 விக்கெட்டைத் தாண்டியிருந்தார். 2019இல் ஒரு கழக ஆட்டத்தில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் 37 ஓட்டங்களுக்கு எடுத்தவர். டெஸ்டில் 4 ஆட்டம், 14 விக்கெட். அத்தோடு முடிந்தது.

பிரபாத் ஜயசூரிய 2022 ஜூலையில் 30 வயதில் வந்தார். காலியில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறாக 12 விக்கெட். 7 டெஸ்டில் 50 விக்கெட் எடுத்து முடித்தார். சுழற்பந்து வீச்சாளர் எவரும் அவ்வளவு விரைவாக அங்கே போனதில்லை.

ரங்கன ஹேரத் 1999இல் அறிமுகமாகி, பத்து வருடம் உள்ளும் வெளியுமாக இருந்தார். முரளிதரன் இருக்கும்போது இன்னொரு சுழற்பந்து வீச்சாளருக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? 2009இல் அவர் இங்கிலாந்தில் ஒரு கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது அவசரமாக அழைத்தார்கள். காலியில் பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் 15 ஓட்டங்களுக்கு 4 விக்கெட். 2018இல் அதே காலியில் ஓய்வு பெறும்போது 93 டெஸ்ட், 433 விக்கெட்.

உள்ளூர் எண்களை மட்டும் வைத்து இந்த மூவரையும் தரம் பிரிக்கச் சொன்னால் யாராலும் முடிந்திருக்காது. புஷ்பகுமாரவை முதலில் வைத்தவர்கள்கூட இருந்திருப்பார்கள். அவருக்குக் கிடைத்த முதல் டெஸ்ட் எது என்று பாருங்கள். 2017இல் எஸ்எஸ்சியில் இந்தியா 9 விக்கெட்டுக்கு 622 அடித்து ஆட்டத்தை நிறுத்திக்கொண்ட டெஸ்ட். புஜாரா 133, ரஹானே 132. சுழலைச் சோறுபோலத் தின்று வளர்ந்தவர்கள். ஜயசூரியவுக்குக் கிடைத்தது பந்து திரும்பும் காலி, இலங்கை 554 அடித்த ஆட்டம், சுழலுக்குத் தடுமாறும் ஒரு வெளிநாட்டு அணி. நான் ஜயசூரியவைக் குறைத்துச் சொல்லவில்லை. பிறகும் அவர் எடுத்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் 4 டெஸ்டை வைத்துக்கொண்டு "உள்ளூர் வேற" என்று புஷ்பகுமாரவைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. நாலு ஆட்டத்தில் என்ன தெரியும்? ஸ்டுவர்ட் லோ என்ற அவுஸ்திரேலியர் 1995 டிசம்பரில் பேர்த்தில் நமக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஆட்டமிழக்காமல் 54. முதல்தரத்தில் 79 சதம் அடித்தவருக்கு அதற்குப் பிறகு வாய்ப்பே வரவில்லை. அதே ஆட்டத்தில் அறிமுகமான இன்னொரு பையன் வாஸின் பந்தில் 96க்கு ஆட்டமிழந்தான். அவன் பெயர் ரிக்கி பொண்டிங்.

எண்ணை ஒதுக்கிவிட்டுக் கண்ணை நம்பினால்? அதற்கும் ஒரு நல்ல கதை இருக்கிறது. டங்கன் பிளெட்சர் 1999இல் கிளமோர்கன் அணியின் பயிற்றுநர். சமர்செட்டின் மார்கஸ் டிரெஸ்கோதிக் தன் அணிக்கு எதிராக 167 அடித்ததைப் பார்த்தார். டிரெஸ்கோதிக்கின் கவுண்டி எண்கள் அப்போது சாதாரணம். பிளெட்சர் இங்கிலாந்தின் பயிற்றுநரான பிறகு டிரெஸ்கோதிக் அணிக்குள் வந்தார். 76 டெஸ்ட், சராசரி 43.79. மைக்கல் வோனும் அப்படித்தான். 1999 நவம்பரில் ஜொஹனஸ்பேர்க்கில் அவரது முதல் டெஸ்ட். இங்கிலாந்து 2 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை இழந்து நின்ற காலை அது. அவர் அவசரப்படாமல் 33 எடுத்தார். ஓய்வு பெறும்போது முதல்தரச் சராசரி 37ஐக்கூடத் தொடவில்லை, டெஸ்ட் சராசரியோ 41. வழக்கமாக இது மறுபக்கமாக அல்லவா இருக்கும்! பிளெட்சர் பார்த்தது ஓட்டத்தை அல்ல, வேகமான பந்து வரும்போது ஆளிடம் எவ்வளவு நேரம் மிச்சமிருக்கிறது என்பதை.

ஆனால் கண் தப்பிய கதைகளை யாரும் எழுதி வைப்பதில்லை. கண்ணை நம்பி எடுத்து இரண்டு டெஸ்டோடு காணாமல் போனவர்களின் பட்டியல் எந்த நாட்டிலும் நீளம். இலங்கையில் "கண்" என்று சொன்னால் அதற்குள் பாடசாலை, கழகம், யார் யாருக்குத் தெரிந்தவர் என்பதெல்லாம் வந்து உட்கார்ந்துவிடும் என்ற பயமும் எனக்குண்டு. கிழக்கிலிருந்து போகிற ஒரு பையனுக்குக் கொழும்பில் அவனைத் தெரிந்த கண் எது? அவனுக்கு எண்தான் துணை. அதனால், இவ்வளவு குறை சொன்ன பிறகும், இரண்டில் ஒன்றைத் தேர் என்றால் நான் எண்ணின் பக்கம்தான் நிற்பேன்.

அந்த எண்ணையும் அவன் எங்கே போய் எடுப்பது என்பதுதான் எங்கள் பிரச்சினை. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது கொழும்பு, தம்புள்ளை, காலி, யாழ்ப்பாணம், கண்டி என்று ஐந்து பெயர். 2022இல் நாலு நாள் ஆட்டங்களுக்கு என்று தேசிய சுப்பர் லீக் வைத்தபோதும் அதே ஐந்து. மட்டக்களப்பும் இல்லை, அம்பாறையும் இல்லை, திருகோணமலையும் இல்லை. யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு அணி இருந்ததால் என்ன நடந்தது என்பதற்கு விஜயகாந்த் வியாஸ்காந்த் சாட்சி. யாழ் மத்திய கல்லூரிப் பையன், 2020இல் அந்த அணிக்கு ஆடினார், 2023இல் இலங்கைத் தொப்பி, 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத் அணி. திறமை அவருடையது. ஆனால் தொலைக்காட்சியில் வருகிற ஒரு ஆட்டத்தில், பெரிய ஆட்டக்காரருக்கு எதிராக ஒரு ஓவர் போடும் வாய்ப்பை அந்த அணி கொடுத்தது. அணிக்குப் பெயர் இருந்தால் அந்த ஊர்ப் பையன்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்றில்லை. யாழ்ப்பாண அணியிலும் பெரும்பாலானவர்கள் வேறு ஊர்க்காரர்கள்தான். ஆனாலும் ஒருவர் வந்தார். எங்கள் பக்கம் அந்த ஒருவருக்கும் வழியில்லை.

மறுபக்கமாக ஒரு கணக்கு. சங்கக்கார 2000இல் அணிக்குள் வந்தபோது கழக ஆட்டங்களில் ஓட்டங்களைக் குவித்துவிட்டு வந்தவர் அல்லர். சிம்பாப்வே ஏ அணிக்கு எதிராக, தேசிய அணிக்கு அடுத்த படியான இலங்கை ஏ அணிக்கு அடித்த 156 தான் அவரைத் தூக்கிவிட்டது. பிறகு 134 டெஸ்டில் 12,400 ஓட்டம், சராசரி 57. அது முடிந்த பிறகு, 2017இல், 39 வயதில், சரே கவுண்டிக்கு ஆடும்போது தொடர்ச்சியாக ஐந்து சதம் அடித்தார். அந்தப் பருவத்தில் 1,491 ஓட்டம், சராசரி 106. மேலே நிலைத்தவர் கீழே வந்தால் என்ன செய்வார் என்று சொல்ல எந்த நிபுணரும் வேண்டியதில்லை. கீழிருந்து மேலே போகும் கணக்குத்தான் யாருக்கும் பிடிபடுவதில்லை.

சங்கக்காரவைத் தூக்கிவிட்டது ஏ அணி ஆட்டம் என்பதைக் கவனியுங்கள். ஏ அணி என்றால் எதிரே நிற்பவர்களும் தங்கள் நாட்டு அணிக்குப் போக ஏங்கிக்கொண்டிருப்பவர்கள். அரைத் தூக்கத்தில் ஸ்லிப்பில் நிற்பவர் யாரும் இல்லை. அதனால் யாராவது கழகப் போட்டியில் 200 அடித்தார் என்றால் நான் தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். ஏ அணிக்காக வெளிநாட்டில் 70 அடித்தார் என்றால் ஸ்கோர் அட்டையைத் திறந்து பார்ப்பேன். எதிரணியில் வீசியது யார், எத்தனையாவது ஓவரில் உள்ளே வந்தார், தொடரின் முதல் ஆட்டமா மூன்றாவதா என்று தேடுவேன். மூன்றாவது ஆட்டத்தில் அடித்த 70க்கு நான் கொடுக்கும் மதிப்பு தனி, அதற்குள் அவரை இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள்.

கமிந்து மெண்டிஸ் 2022இல் காலியில் அறிமுக டெஸ்டில் 61 அடித்தார். அடுத்த ஆட்டத்துக்கு இடமில்லை. மறுபடி அழைக்க 2024 மார்ச் ஆனது. சில்ஹெட்டில் பங்களாதேஷுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 102, 164. அந்த வருடமே, அறிமுகத்திலிருந்து எண்ணினால் 13ஆவது இன்னிங்ஸில், 1,000 டெஸ்ட் ஓட்டங்கள், பிராட்மனுக்குச் சமமாக. இடையில் அந்த இருபது மாதம் அவர் உள்ளூரில் அடித்த ஓட்டங்களை யார் எண்ணிக்கொண்டிருந்தார்களோ தெரியாது. இப்போது உலகம் அவரையும் படிக்கத் தொடங்கியிருக்கிறது. அவருடைய இரண்டாவது சுற்றைத்தான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தேநீர்க் கடையில் இரண்டு கட்சியும் வழக்கம்போல வேறு யாரையோ பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது.